வின்செஸ்டர் 1895: காலம் தாழ்ந்து வந்த ராணுவத் துப்பாக்கி

1915-ஆம் ஆண்டு கோடையில் ரஷ்யப் படை போலந்தைவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் கோர்லிச்சே-தார்னூவ் பகுதியில் ஜெர்மன், ஆஸ்திரியப் படைகள் போர்முனையைப் பிளந்தன. ஆகஸ்டில் வார்சா வீழ்ந்தது. பீரங்கிக் குண்டுகள் போதவில்லை என்பது இந்தத் தோல்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதைவிடக் கொடிய பற்றாக்குறை ஒன்றும் இருந்தது: காலாட்படை வீரனின் கையில் கொடுக்கத் துப்பாக்கியே இல்லை. புதிதாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வெறுங்கையோடு நின்றார்கள். முன்வரிசையில் ஒருவர் விழுந்தால் அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவர் இடத்துக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

இந்தப் பஞ்சத்தைத் தீர்க்க ரஷ்யா கிடைத்த இடத்திலெல்லாம் துப்பாக்கி வாங்கியது. ஜப்பானின் அரிசாகா, இத்தாலியின் பழைய வெட்டர்லி, பிரான்சின் பழைய கிரா எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த வரிசையில் சற்றும் எதிர்பாராத ஒன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் வின்செஸ்டர் ஆலை செய்த 1895 மாடல் ரைபிள். விசைக்குக் கீழே உள்ள லீவரைக் கையால் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை அது. மேற்கு அமெரிக்காவின் வேட்டைக்காரர்களும் காவலர்களும் வைத்திருந்த துப்பாக்கி என்றுதான் உலகம் அதை அறிந்திருந்தது. ரஷ்யா 3 லட்சம் கேட்டது. சுமார் 2,93,800 கிடைத்தது. இந்த மாடலின் மொத்த உற்பத்தி சுமார் 4,26,000. அதாவது, வேட்டைத் துப்பாக்கியாகப் பெயர்பெற்ற ஒன்றில் பத்துக்கு ஏழு ஒரு பேரரசின் காலாட்படைக்குப் போயிருக்கிறது.

இவ்வளவு பெரிய ராணுவ வாழ்வு வாய்த்தும், லீவர் துப்பாக்கியை எந்தப் பெரிய வல்லரசும் தன் காலாட்படையின் முதன்மை ஆயுதமாக ஏற்கவில்லை. படுத்துக்கொண்டு சுட்டால் லீவர் தரையில் இடிக்கும், அதனால்தான் ஏற்கவில்லை என்ற ஒற்றை வரி விளக்கம் பல நூல்களில் காணக் கிடைக்கிறது. அது பாதி உண்மைதான். மீதியை அறிய, 1895 மாடலின் உள்ளமைப்பையும் அது பிறந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளெவ்னாவில் நடந்தது

லீவர் துப்பாக்கி போருக்குப் புதியதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஸ்பென்சர், ஹென்றி என்ற இரு வகைகள் களத்தில் இருந்தன. ஸ்பென்சரின் அடிக்கட்டைக்குள் ஏழு தோட்டாக்கள் கொண்ட குழாய் இருந்தது; லீவர் தோட்டாவை மட்டும் ஏற்றும், சுத்தியலைக் கட்டைவிரலால் தனியே இழுக்க வேண்டும். ஹென்றியில் ஒரே வீச்சில் இரண்டும் நடக்கும். குழலுக்கு அடியிலுள்ள குழாயில் 15 தோட்டாக்கள் அடங்கும். வடக்குப் படை ஸ்பென்சரைப் பெருமளவில் வாங்கியது. ஹென்றியை அரசு வாங்கிய எண்ணிக்கை 2,000-ஐக்கூடத் தொடவில்லை. ஹென்றியிலிருந்து வளர்ந்ததுதான் வின்செஸ்டர் 1866. பித்தளை நிற உடலோடு வந்த அந்தத் துப்பாக்கியை ஒட்டோமான் பேரரசு 1870-களின் தொடக்கத்தில் 45,000 ரைபிள்கள், 5,000 கார்பைன்கள் என்ற அளவில் வாங்கியது.

அதன் பலன் 1877-இல் ரஷ்ய-துருக்கிப் போரின்போது பிளெவ்னாவில் தெரிந்தது. இன்றைய பல்கேரியாவின் பிளெவென் நகரம் அது. ஒட்டோமான் தளபதி உஸ்மான் பாஷாவின் படை மண் அரண்கள் எழுப்பிக் காத்திருந்தது. ரஷ்யர்கள் நெருக்கமான வரிசைகளில் ஏறி வந்தார்கள். தொலைவில் இருக்கும்போது துருக்கியர் பீபாடி-மார்ட்டினியால் சுட்டார்கள். அது ஒற்றைத் தோட்டா ரைபிள், ஆனால் எட்டும் தூரம் அதிகம். தாக்குவோர் இருநூறு கஜத்துக்குள் வந்ததும் வின்செஸ்டர்கள் பேசின. ஜூலை 30 அன்று நடந்த இரண்டாம் தாக்குதலில் மட்டும் ரஷ்யத் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் 7,000-க்கு மேல். இதில் வின்செஸ்டரின் பங்கு எவ்வளவு, அரண்களின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். தாக்குதலை முறித்ததில் பதுங்குகுழிக்கும் பீபாடி-மார்ட்டினிக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் தோட்டா தொடர்ந்து ஏறும் துப்பாக்கி இனி எல்லாப் படைக்கும் வேண்டும் என்ற எண்ணத்தை ஐரோப்பியத் தலைமையகங்களில் வலுவாக ஊன்றியது பிளெவ்னாதான்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவை அப்படியே செய்தன. ஜெர்மனி 1884-இலும் பிறகு 1888-இலும், பிரான்ஸ் 1886-இலும், பிரிட்டன் 1888-இலும், ரஷ்யா 1891-இலும், அமெரிக்கா 1892-இலும் தொடர்ந்து சுடும் ரைபிள்களை ஏற்றன. எல்லாமே போல்ட் வகை. வழிகாட்டியாக இருந்தது லீவர், வென்றது போல்ட்.

படைகள் போல்ட்டைத் தேர்ந்தது ஏன்

முதலில் படுத்துச் சுடும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றியில் விசைக்குக் கீழே லீவர்தான் இருந்தது. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டிய துப்பாக்கி என்றாலும், சுடுவதற்கு முன் லீவரைக் கீழே தள்ளியாக வேண்டும். அந்தத் துப்பாக்கியோடு பிரிட்டிஷ் காலாட்படை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் மூன்று கண்டங்களில் போரிட்டது, படுத்தும் சுட்டது. கீழே லீவர் இருப்பதே பெருங்குறை என்றால் இது நடந்திருக்காது. மார்ட்டினியின் லீவர் குட்டை, அதன் வீச்சும் குறைவு. தோட்டா நீள நீள லீவரின் வீச்சும் கூட வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

லீவர் துப்பாக்கிகள் வளர்ந்தது கைத்துப்பாக்கித் தோட்டா போன்ற குட்டையான, வலுக்குறைந்த தோட்டாக்களைச் சுற்றி. குழலுக்கு அடியிலுள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் குண்டு முனை முன்னிருக்கும் தோட்டாவின் கேப்பை, அதாவது அடிபட்டால் தீப்பற்றும் அதன் அடிமூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். மொட்டை முனைக் குண்டாக இருக்கும்வரை கவலையில்லை. முனை கூராகக் கூராக, அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து கூடும். குழாயில் ஒவ்வொரு தோட்டாவாகத்தான் நுழைக்க முடியும்; எதிரி நெருங்கும்போது அதற்கு நேரம் போதாது. சுடச்சுடக் குழாய் காலியாகி முன்பாரம் குறைவதால் துப்பாக்கியின் சமநிலையும் மாறும்.

1886-இல் பிரான்ஸ் புகையில்லா வெடிமருந்தைக் கொண்டுவந்ததும் எல்லாம் மாறியது. தோட்டாவுக்குள் உருவாகும் அழுத்தம் முன்பைவிட வெகுவாக உயர்ந்தது. குண்டு மெலிந்து நீண்டது. குழலின் பின்வாயை உறுதியாகப் பூட்டும் அமைப்பு தேவைப்பட்டது. கதவுத் தாழ்ப்பாள் போல முன்னே தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் போல்ட் இதற்கு எளிய விடையாக இருந்தது. உறுப்புகள் குறைவு, கடைசல் வேலை குறைவு, வீரன் கருவி எதுவுமின்றிக் கழற்றித் துடைக்கலாம். அந்தக் கணத்தில் லீவரிடம் இதற்கு நிகரான விடை இல்லை. அந்த விடை வந்தபோது படைகள் ஏற்கெனவே தங்கள் முடிவை எடுத்து, ஆலைகளையும் மாற்றிவிட்டிருந்தன.

பிரவுனிங்கின் விடை

அந்த விடையைத் தந்தவர் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் துப்பாக்கிப் பட்டறைக் குடும்பத்தில் 1855-இல் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங். வின்செஸ்டரின் 1886, 1892, 1894 மாடல் லீவர் துப்பாக்கிகள் அவர் வடிவமைத்தவை. 1895 மாடலில் அவர் குழாயைக் கைவிட்டார். விசைக்கு முன்னால், உடற்பகுதிக்கு அடியில், தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி மேகசினை வைத்தார். கேப்பைக் குண்டு முனை தொடும் ஆபத்து இத்துடன் ஒழிந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு படைகள் ஒவ்வொன்றாகக் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது, இந்தத் துப்பாக்கி அதைச் சிரமமின்றி ஏற்றது. ரஷ்யாவும் 1908-இல் அப்படி மாறியிருந்தது.

பூட்டும் முறையையும் பார்க்க வேண்டும். லீவரைக் கீழே தள்ளத் தொடங்கியதும் போல்ட் உடனே நகராது. போல்ட்டின் பின்புறம் செங்குத்தாக ஏறி நின்று அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் கனத்த எஃகுக் கட்டை ஒன்று முதலில் கீழே இறங்கும். தாங்கல் விலகிய பிறகே போல்ட் பின்னோக்கி ஓடும். வெற்றுத் தோட்டாவைக் கவ்வி இழுத்து வெளியே எறியும்; பின்னால் நிற்கும் சுத்தியலைச் சாய்த்து நிறுத்தும். லீவரை மேலே இழுக்கும்போது மேகசினின் மேலிருக்கும் தோட்டாவை முன்னே தள்ளிக் குழலுக்குள் அடைக்கும். கடைசியாக அந்த எஃகுக் கட்டை எழுந்து பின்வாயைப் பூட்டும். அமெரிக்கப் படையின் 30-40 கிராக் தோட்டா, பிரிட்டனின் 303, பிறகு 30-06, பெருவிலங்கு வேட்டைக்குப் போன 405 என்று அக்காலத்தின் பெரிய தோட்டாக்களை இந்த ஒரே அமைப்பு சுட்டது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா சென்றபோது 405 தோட்டா வின்செஸ்டரைத்தான் சிங்க வேட்டைக்கு எடுத்துப்போனார்.

ஆனால் பிரவுனிங் இதை முடித்தது 1895-இல். அமெரிக்கப் படை கிராக்-யோர்கென்சன் என்ற போல்ட் ரைபிளை ஏற்று மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஒரு நாடு ரைபிளை மாற்றுவது என்றால் எந்திரங்கள், அளவுகோல்கள், பயிற்சி, உதிரி உறுப்புகள், கிடங்குகள் அனைத்தையும் மாற்றுவது. பத்து விழுக்காடு மேலான ஒன்றுக்காக எந்த நிதியமைச்சரும் அதற்கு ஒப்புதல் தரமாட்டார்.

கையில் எடுத்தால்

ரஷ்யாவுக்குப் போன வகையைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் நீளம். குழல் 28 அங்குலம், அதாவது சுமார் 71 செ.மீ.; மொத்த நீளம் ஏறத்தாழ 1.17 மீட்டர், எடை 4 கிலோவுக்குச் சற்று மேல். முன்பாரம் கொஞ்சம் உண்டு. தோட்டாக்களின் எடை இரு கைகளுக்கும் நடுவே மேகசினில் அமர்ந்திருப்பதால், ஐந்தும் தீர்ந்தாலும் சமநிலை மாறாது. குழாய் வகைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய நன்மை. தூக்கிக்கொண்டு நடக்கும்போது நிலைமை வேறு. பழைய வின்செஸ்டர்களில் உடற்பகுதியின் அடிப்பக்கம் தட்டையாக உள்ளங்கையில் உட்காரும். 1895-இல் அந்த இடத்தில் மேகசின் பெட்டி துருத்திக்கொண்டிருக்கிறது.

லீவரை இயக்கும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: விசையும் லீவரோடு சேர்ந்தே கீழே இறங்குகிறது. சுட்டு முடித்த விரல் எங்கே இருக்கிறதோ அந்த வளையத்துக்குள்ளேயே கை முழுவதும் நகர்கிறது. துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமல், கன்னத்தைக் கட்டையிலிருந்து விலக்காமல், குறியைக் கண்ணில் வைத்துக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். ரஷ்யப் படையின் மோசின்-நகாந்தில் குட்டையான போல்ட் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கித் திருப்பக் கை விசையை விட்டுப் போக வேண்டும். பலருக்குத் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்காமல் அது முடியாது. வேகத்தில் வின்செஸ்டரே மேல் என்பதில் ஐயமில்லை.

அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. 54 மி.மீ. நீளமுள்ள ரஷ்யத் தோட்டாவின் கூடு முழுவதும் வெளியே வர, போல்ட் நெடுந்தூரம் பின்னே ஓட வேண்டும். அதற்கு லீவரை அரைகுறையாக இல்லாமல் முழு வீச்சில் முன்னே தள்ள வேண்டும். கை தயங்கினால் வெற்றுக்கூடு வெளியேறாது, அல்லது அடுத்த தோட்டா சரியாக ஏறாது. நின்று சுடுபவருக்கும் பதுங்குகுழியின் விளிம்பில் முழங்கை ஊன்றியவருக்கும் இது பழகிவிடும். வெட்ட வெளியில் வயிறு மண்ணில் படப் படுத்திருப்பவர், ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் லீவரை விரிக்க முடியும். மீண்டும் குறி பார்க்க வேண்டும். தோளில் கிடைத்த நேரம் அங்கே போய்விடும். மார்ட்டினி-ஹென்றிக்குப் பொருந்தாத குறை நீண்ட தோட்டா போட்ட இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்துவது இதனால்தான்.

பாதுகாப்புத் தாழ் என்று தனியே எதுவும் கிடையாது. சுத்தியலைப் பாதி நிலையில் நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு. குளிரில் விறைத்த கட்டைவிரலால் அதை மெல்ல இறக்குவது எளிதல்ல. ஆனால் துப்பாக்கி சுடத் தயாராக இருக்கிறதா இல்லையா என்பது இருட்டிலும் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

துடைக்கும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரியவரும். மோசினின் போல்ட்டை விசையை அழுத்திக்கொண்டு பின்னே இழுத்தால் முழுதாகக் கையில் வந்துவிடும். குழலைப் பின்வாய் வழியாகவே துடைக்கலாம். வின்செஸ்டரில் போல்ட்டை வெளியே எடுக்கத் திருகாணிகளையும் ஊசிகளையும் கழற்ற வேண்டும். லீவர் கீழிறங்கும்போது உடற்பகுதி மேலும் கீழும் திறந்துகொள்கிறது. அந்தத் திறப்பில் மண் புகுந்தால், அதைப் பதுங்குகுழியில் உட்கார்ந்து எடுப்பது பெரும்பாடு. வேட்டை முடிந்து மாலையில் வீடு திரும்புபவருக்கு இது குறையல்ல. வாரக்கணக்கில் சேற்றில் கிடப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

கைநழுவிய வாய்ப்பு

1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது அமெரிக்க அரசு 30-40 கிராக் தோட்டா போட்ட 10,000 வின்செஸ்டர் 1895 துப்பாக்கிகளுக்கு ஆணையிட்டது. அவை களத்துக்குப் போகும் முன்பே போர் முடிந்துவிட்டது. கியூபாவின் சாந்தியாகோ நகருக்கு வெளியே அந்தப் போர் கற்றுத்தந்த பாடம் வேறு. ஸ்பானிய வீரர்களின் மவுசர் ரைபிளில் ஐந்து தோட்டாக்களை ஒரே கிளிப்பில் வைத்து ஒரே அழுத்தில் இறக்கலாம். அமெரிக்கர்களின் கிராக்கில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வேகத்தைவிட, ஐந்து தீர்ந்தபின் அடுத்த ஐந்தை ஏற்றும் வேகம்தான் போரைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. லீவரின் மிகப் பெரிய சிறப்பு இரண்டாம் இடத்துக்குப் போனது. அன்றைய வின்செஸ்டர் 1895-இல் கிளிப் வசதி இல்லை.

அது வந்தது ரஷ்யாவுக்காக. உடற்பகுதியின் மேல் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் எஃகு வழிகாட்டிகளைப் பொருத்தினார்கள். லீவரை விரித்து, மோசினின் அதே ஐந்து தோட்டாக் கிளிப்பை அதில் நிறுத்திக் கட்டைவிரலால் அழுத்தினால் ஐந்தும் மேகசினுக்குள் இறங்கும். தோட்டாவும் மோசினுடையது. பயோனெட்டும் சேர்ந்தது, பெரும்பாலானவற்றின் கத்தி 16 அங்குலம். ரஷ்யப் படையில் பயோனெட் இல்லாத ரைபிள் ரைபிளாகக் கருதப்படாது. வேட்டைத் துப்பாக்கி ராணுவத் துப்பாக்கியானது, தோட்டாவிலும் கிளிப்பிலும் பயோனெட்டிலும் அது மோசினைப் போல மாறிய பிறகே. கிடங்கிலுள்ள தோட்டாவைச் சுடும் என்பதே அதன் தலையாய தகுதி. அரிசாகாவும் வெட்டர்லியும் தங்களுக்கென்று தனித் தோட்டா கேட்டன, வின்செஸ்டர் கேட்கவில்லை.

ரீகா முனையிலிருந்து மாட்ரிட்வரை

இத்துப்பாக்கிகள் 1915, 1916 ஆண்டுகளில் பெருமளவில் ரஷ்யா சேர்ந்தன. பலவும் பின்லாந்திலும் பால்டிக் பகுதியிலும் இருந்த படைகளுக்குப் போயின. 1915 ஆகஸ்டில் உருவாகத் தொடங்கிய லாட்விய ரைபிள் படைப்பிரிவுகளின் புகைப்படங்களில் வின்செஸ்டர்களைத் தெளிவாகக் காணலாம். ரீகா நகரைக் காத்து நின்றவர்கள் அவர்கள். 1917 ஜனவரியில், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் நாட்களில், உறைந்த சதுப்பு நிலத்தைத் தாண்டி ஜெர்மன் அரண்களைத் தாக்கியவர்களும் அவர்களே. அந்தத் தாக்குதலில் அவர்கள் இழந்த உயிர்கள் ஏராளம்.

ரஷ்யா மட்டும் இப்படி வாங்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படை வின்செஸ்டர் 1892-ஐயும், பிரான்ஸ் 1894-ஐயும் அதே போரில் வாங்கின. முன்வரிசை ரைபிள்கள் பதுங்குகுழிகளுக்குப் போக, கப்பல்களிலும் பின்னணிப் பணிகளிலும் இருந்தவர்கள் இவற்றைப் பெற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் மேற்குக் கடற்கரையைக் காத்த பசிபிக் கடற்கரை ரேஞ்சர்களுக்கும் லீவர் துப்பாக்கிகளே தரப்பட்டன. எங்கே பார்த்தாலும் காரணம் ஒன்றுதான்: இருக்கும் ஆலை செய்யத் தெரிந்ததை உடனே செய்து தந்தது.

ரஷ்யப் பேரரசு மறைந்த பின்னும் துப்பாக்கிகள் மறையவில்லை. 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்குச் சோவியத் ஒன்றியம் அனுப்பிய ஆயுதங்களில் குறைந்தது 9,000 வின்செஸ்டர் 1895 ரைபிள்கள் இருந்தன. வின்செஸ்டர் நிறுவனத்தின் கதை வேறு திசையில் போனது. போர்க்கால ஆணைகளுக்காக ஆலையைப் பெருக்கிய கடனிலிருந்து அது மீளவேயில்லை. 1931-இல் நொடித்து, ஆலின் குடும்பத்தின் கைக்கு மாறியது.

தீர்ப்பு

வின்செஸ்டர் 1895 ராணுவத்துக்குத் தகுதியற்ற துப்பாக்கி என்று சொல்வது தவறு. வலிமையான தோட்டாவைத் தாங்கியது, கூர்முனைக் குண்டை ஏற்றது, கிளிப்பில் நிரப்ப இடம் தந்தது, தோளில் வைத்துச் சுடும்போது மோசினைவிட வேகமாகச் சுட்டது. அது மோசினைவிடச் சிறந்தது என்று சொல்வதும் தவறு. சேற்றிலும் பனியிலும், கருவியின்றித் துடைக்க வேண்டிய சாதாரண வீரனின் கையில், மோசினே நம்பகமானது. லீவர் முறை தோற்றதற்குப் படுத்துச் சுட முடியாதது ஒரு துணைக் காரணம் மட்டுமே. படைகள் முடிவெடுத்த காலத்தில் அதனிடம் வலுவான தோட்டாவுக்குரிய அமைப்பு இல்லை. அது வந்தபோது வாய்ப்பு கடந்திருந்தது. இதுவே முதன்மைக் காரணம்.

துப்பாக்கிகளின் வரலாற்றை எழுதுவோர் குழல் நீளத்தையும் குண்டின் வேகத்தையும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். 1915-இல் ஒரு லாட்விய இளைஞனுக்கு முன்னிருந்த கேள்வி லீவரா, போல்ட்டா என்பதல்ல. கையில் ஏதாவது இருக்குமா என்பது. ஆலையும் தோட்டாவும் கிடங்கும் இன்றித் தன் மக்களைப் போருக்கு அனுப்பிய அரசு செய்த குற்றத்தில் ஒரு சிறு பகுதியை, கடலுக்கு அப்பால் வேட்டைக்காகப் பிறந்த ஒரு துப்பாக்கி ஈடுசெய்தது. வின்செஸ்டர் 1895-இன் ராணுவ வரலாற்றை மதிப்பிட வேண்டிய அளவுகோல் அதுவே.